கொல்லைப்புறத்து உயிர்களைக் காணும் கல்வி

உயிர்களை அவை பெற்றிருக்கும் பொறிகளின் எண்ணிக்கையால் வகுத்துக் காண்பது நம் முன்னோர் கைக்கொண்ட முறை. தொட்டறியும் உணர்வு ஒன்றே உடையவை மரஞ்செடிகொடிகள் முதலியன. அதனோடு சுவையும் அறிபவை புழு, சங்கு போல்வன. மோப்பமும் சேரப் பெற்றவை எறும்பு முதலியன. கண்ணும் பெற்றவை வண்டு, ஈ, பட்டாம்பூச்சி. செவியும் பெற்று ஐம்பொறி நிரம்பியவை பறவை, விலங்கு, மனிதர். தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திலும், தமிழில் தொல்காப்பிய மரபியலிலும் இத்தகைய பகுப்பைக் காணலாம். எடுத்துக்காட்டுகளில் இரண்டும் சிறிது வேறுபடும். தொல்காப்பியம் மனத்தை ஆறாம் அறிவாக எண்ணும்.

நம் இல்லப் பிள்ளைகளில் பலர் இப்பட்டியலைப் பிழையின்றி ஒப்பிப்பர். ஆனால், "உங்கள் வீட்டுக் கொல்லையில் வாழும் ஐம்பொறி உயிர்கள் பத்தின் பெயரைச் சொல்லுக" என்று கேட்டுப் பாருங்கள். பசு, நாய், பூனை, காக்கை என்று நான்கோடு நின்றுவிடுவர். அந்நான்கில் மூன்று நாம் வளர்ப்பவை. தாமாக வந்து, நம்மைக் கேளாமல் நம் மண்ணில் குடியிருந்து, குஞ்சு பொரித்து வாழும் உயிர்கள் எத்தனை என்பது வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிவதில்லை. கொல்லாமை நம் முதல் அணுவிரதம். அவ்விரதத்தைக் காக்க விரும்புவோர் பக்கத்தில் வாழும் உயிர்களை முகமறிந்து வைத்திருத்தல் வேண்டும். அறியாமையால் நேரும் கொலைகள் நம் தெருக்களிலும் குறைவல்ல. அவற்றைப் பின்னர்ச் சொல்வேன்.

இப்பயிற்சிக்கு வேண்டுவன மிகச் சில. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று, பென்சில் ஒன்று, அமர ஒரு மணை. தொலைநோக்கி இருந்தால் நன்று, இல்லையெனினும் குறையில்லை. தோட்டம் பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. ஒரு முருங்கை, ஒரு கொய்யா, கிணற்றடியில் நான்கு வாழை, வேலியோரம் செம்பருத்தி, இவ்வளவு இருந்தாலே போதும். சென்னையில் அடுக்குமாடிகளில் வாழும் நம் குடும்பத்தார் மாடத்துத் தொட்டிச் செடிகளையும் எதிர்வரிசை வேப்பமரத்தையும் கொண்டு தொடங்கலாம்.

அமரும் இடத்தை ஒருமுறை தேர்ந்தபின் மாற்றலாகாது. முதற் பத்து நிமிடம் எவ்வுயிரும் நம்மை அஞ்சி மறைந்தே இருக்கும். அசையாமல் இருந்தால் அணில் முதலில் இறங்கும். பிறகு ஒவ்வொன்றாக வெளிப்படும். நாள்தோறும் அதே இடத்தில் அதே நேரத்தில் அமர்ந்தால் இரண்டு வாரங்களில் நாமும் அத்தோட்டத்தின் கல்லாகவோ கட்டையாகவோ கருதப்படுவோம். பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்பார்கள். எட்டு வயதுக் குழந்தை பதினைந்து நிமிடம் அசையாதிருக்கும் என்பதை வகுப்பறைக்கு வெளியே மரத்தடியில் பலமுறை கண்டிருக்கிறேன். அப்பொழுது பெரியவர்கள் பேசாதிருத்தல் வேண்டும், அதுதான் கடினம்.

நேரத்தைப் பொறுத்தவரை விடியலில் அரைமணி, மாலையில் அரைமணி ஏற்றவை. மாலைப் பொழுதில் நம்மவர்க்கு ஒரு வசதியும் உண்டு. கதிர் சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கத்தை விடாத இல்லங்களில், ஊரார் அடுப்பு மூட்டும் வேளையில் நமக்கு வேலை ஒழிந்திருக்கும். அந்த அந்திப் பொழுதுதான் பகலுயிர்கள் அடங்கி இரவுயிர்கள் புறப்படும் சந்தி. மைனாக்கள் மரத்தில் இடம் பிடிக்க ஆரவாரம் செய்யும். அவ்வொலி அடங்குமுன் முதல் வௌவால் வானில் தோன்றும். துணி துவைக்கும் கல்லின் அடியிலிருந்து தேரை வெளிவரும். அவ்வரைமணியைத் தொலைக்காட்சித் தொடருக்குக் கொடுத்துவிடுவது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

குறிப்பேட்டில் நாள், நேரம், வானிலை, இடம், கண்ட உயிர், அது செய்த செயல் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். செயலை எழுதும்போது நம் எண்ணத்தைக் கலந்துவிடலாகாது. "அணில் கோபமாக இருந்தது" என்பது குறிப்பன்று. "அணில் கொய்யாக் கிளையில் தலைகீழாய்த் தொற்றிக்கொண்டு வாலை விதிர்த்து விதிர்த்துக் கத்தியது, கீழே பூனை படுத்திருந்தது, பூனை எழுந்து போனபின் ஒலி நின்றது" என்பது குறிப்பு. இரண்டாவதை எழுதிய பிள்ளைக்கு அணிலின் மொழியில் ஒரு சொல் கிடைத்துவிட்டது. பெயர் தெரியாத பறவையைக் கண்டால் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் அலகு, கால், வால், நடை, குரல் ஆகியவற்றை எழுதி ஒரு படமும் வரைந்து வைக்கலாம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு நகர்ந்துவிடும் பிள்ளை அதன்பின் அவ்வுயிரைப் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம்.

அணிலைப் பற்றி இன்னும் சிறிது சொல்லலாம். நம் பகுதி அணிலின் முதுகில் மூன்று கோடுகள் உண்டு. அவை இராமபிரானின் விரல் பட்டதால் வந்தவை என்னும் கதையைக் கேளாத தமிழ்ப் பிள்ளை இல்லை. வடநாட்டில் பெரிதும் காணப்படும் அணிலுக்கோ ஐந்து கோடுகள். இரண்டும் தனித்தனி இனங்கள். சம்மேத சிகரம் முதலிய வடநாட்டுத் தலங்களுக்கு யாத்திரை செல்லும் குடும்பங்கள் வழியில் எண்ணிப் பார்க்கலாம். தேங்காய் நார், பஞ்சு, பழந்துணி இழை இவற்றைக் கொண்டு கூரை இடுக்கிலோ மரக்கவட்டிலோ அணில் கூடு அமைக்கும். ஏறத்தாழ 34 நாள் கருச்சுமந்து பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகளை ஈனும்.

கூட்டிலிருந்து விழுந்த அணிற்குட்டியை இரக்கத்தால் வீட்டுக்குள் கொண்டுவந்து பசும்பால் புகட்டுவோர் பலர். அது கருணைதான், எனினும் பசும்பால் அக்குட்டிக்கு ஒவ்வாது, பெரும்பாலும் அது பிழைப்பதில்லை. விழுந்த இடத்திற்கு மேலேயே, பூனைக்கு எட்டாத உயரத்தில், துணி விரித்த சிறு கூடையில் வைத்துவிட்டு நாம் விலகிச் செல்லல் வேண்டும். தாய் வந்து கவ்விச் செல்ல வாய்ப்பு மிகுதி. பறவைக் குஞ்சுக்கும் இது பொருந்தும். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் பறக்கும் குஞ்சு தரையில் இருந்தால் அது அனாதையன்று, பறக்கப் பழகுகிறது, தாய் தந்தை அருகிலேயே இரையோடு காத்திருக்கும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் உண்மையன்று. ஆகவே அஞ்சாமல் எடுத்து அருகிலுள்ள புதரில் வைக்கலாம்.

பறவைகளில் தையற்சிட்டிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் விரும்புவர். கட்டைவிரலளவே உள்ள உடலும் தூக்கி நிறுத்திய வாலும் உடைய இச்சிட்டு, எலுமிச்சை, நந்தியாவட்டை போன்ற செடிகளின் இலையை வளைத்து ஓரங்களில் அலகால் துளையிட்டுச் சிலந்தி நூலாலும் பஞ்சிழையாலும் தைத்துப் பை செய்து அதனுள் முட்டையிடும். அலகைத் தவிர வேறு கருவி அதற்கு இல்லை. கூட்டைக் கண்டவுடன் இலையை விலக்கிப் பார்க்கக் கை நீளும், நீட்டலாகாது. தைத்த இலை சற்றே பிரிந்தாலும் முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும் வெளிப்படும். நாம் எதை அடிக்கடி எட்டிப் பார்க்கிறோம் என்பதைக் காக்கையும் வால்காக்கையும் கவனித்துக்கொண்டேயிருக்கும். பத்தடி தள்ளி நின்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஏறத்தாழ 12 நாளில் பொரித்து, மேலும் இரு வாரங்களில் குஞ்சுகள் பறந்துவிடும். ஒரு கூட்டின் முழு வரலாற்றையும் ஒரு மாதத்துக்குள் எழுதி முடிக்கலாம்.

குயிலைப் பற்றி நம் புலவர்கள் பாடியவை மிகுதி. அவற்றுள் பெரும்பாலும் கூவுவது பெண்ணாகவே இருக்கும். தோட்டத்தில் பார்த்தால் அக்கூவலுக்கு உரியது கருநிற உடலும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண். பெண் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டது. அதன் குரல் கீச்சென்று விரைவாக ஒலிக்கும். வேனிலில் காக்கை கூடு கட்டும்போதுதான் குயிலும் முட்டையிடும். இடம் காக்கையின் கூடு. குயிற்குஞ்சு காக்கைக் குஞ்சுக்குச் சில நாள் முன்னரே பொரிந்து உணவு பெறத் தொடங்கிவிடும். இதைக் கேட்டுக் குயிலைக் கள்வன் என்றும் காக்கையை ஏமாளி என்றும் பிள்ளைகள் தீர்ப்புச் சொல்வர். தீர்ப்புக்குக் குறிப்பேட்டில் இடமில்லை என்று நினைவூட்டுக. கூடு கட்டும் இயல்பு அவ்வினத்துக்கு இல்லை என்பதைச் சொன்னால் போதும்.

தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து உதிர்ந்த இலைகளைப் புரட்டி இரை தேடும். அவை இரையும்போது ஒன்று மட்டும் உயரத்தில் காவலிருப்பதைக் காணலாம். ஒரு கூட்டிலுள்ள குஞ்சுகளுக்குத் தாய் தந்தையரேயன்றிக் கூட்டத்துப் பிற குருவிகளும் இரை கொணர்ந்து ஊட்டும். கூட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது நான் இவற்றைத்தான் காட்டுவது வழக்கம். தோட்டத்தை நாள்தோறும் பெருக்கிச் சருகுகளை எரித்துவிடும் வீட்டில் இக்குருவிகளுக்கு வேலையில்லை, வருவதுமில்லை. மேலும், சருகை எரிக்கும்போது அதனுள் இருக்கும் இரண்டறிவு, மூன்றறிவு உயிர்களின் எண்ணிக்கையை யார் கணக்கிட வல்லார்? ஒரு மூலையிலேனும் சருகைக் குவித்து மக்கவிடுதல் நன்று.

இனி, நம் பிள்ளைகளின் கையாலேயே நிகழும் கொலை ஒன்றைச் சொல்ல வேண்டும். தென்னங்கீற்றின் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணானைப் பிடிப்பதும் கல்லால் அடிப்பதும் ஊர்ப்புறச் சிறுவர்க்கு விளையாட்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் கல் எறியாவிட்டாலும் உடன் நின்று வேடிக்கை பார்ப்பர். ஓணான் நம்மைப் பார்த்துத் தலையாட்டி ஏளனம் செய்கிறது என்றும், தொலைவிலிருந்தே இரத்தத்தை உறிஞ்சுவதால் அதன் கழுத்துச் சிவக்கிறது என்றும் காரணம் சொல்வர். தலையாட்டுவதும் உடலை உயர்த்தித் தாழ்த்துவதும் மற்றோர் ஆண் ஓணானுக்கு "இது என் எல்லை" என்று அறிவிக்கும் குறிப்பு. சிவப்பு, இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குத் தோன்றும் நிறம். பெண்ணுக்கு அது வருவதில்லை. பெண் ஓணான் மழை பெய்து மண் இளகியபின் காலால் குழி பறித்துப் பத்து முதல் இருபது முட்டைகள் வரை இட்டு, மண்ணை மூடி, தலையால் அழுத்திச் சமன் செய்துவிட்டுப் போய்விடும். ஆறேழு வாரங்களில் குஞ்சுகள் தாமே மண்ணை விலக்கி வெளிவரும். இந்நிகழ்ச்சியை ஒருமுறை கண்ட சிறுவன் ஈர்க்குச் சுருக்கைக் கையில் எடுத்ததை நான் கண்டதில்லை. எத்தனை அறவுரை சொன்னாலும் விளையாத பயன் அது.

தேரைக்கும் இவ்வாறே பழி உண்டு. உள்ளீடின்றிக் காய்க்கும் தேங்காயைத் "தேரை விழுந்தது" என்கிறோம். தென்னை ஏறும் ஆற்றல் தேரைக்கு இல்லை. முற்றிய நெற்றினுள் புகுந்து பருப்பை உண்ணும் வாயும் அதற்கில்லை. மகரந்தச் சேர்க்கைக் குறையாலும் மண்ணின் சத்துக் குறையாலும் நேர்வது அது. விளக்கின் கீழ் வந்தமரும் தேரை ஓர் இரவில் உண்ணும் பூச்சிகளை எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளை ஏவுங்கள். தொட்டால் நஞ்சு என்பதும் மிகைக்கூற்று. அச்சுறுத்தினால் அதன் தோல் சுரக்கும் பால் கண்ணிலும் வாயிலும் படக்கூடாது, அவ்வளவே. மூஞ்சூறு எலியே அன்று. பூச்சி தின்னும் தனி இனம். கரப்பான் அதற்கு விருப்பமான இரை. குட்டிகளை இடம் மாற்றும்போது முதற்குட்டி தாயின் வாலடியைக் கவ்விக்கொள்ள, அடுத்தது அதன் பின்புறத்தைக் கவ்விக்கொள்ள, தொடர்வண்டி போல் சுவரோரம் செல்லும். அக்காட்சியை எலிப்பொறி வைத்த வீட்டில் காண இயலாது.

கறிவேப்பிலைச் செடியில் இலையுண்ணும் புழுவைக் கண்டவுடன் நசுக்குவதோ மருந்தடிப்பதோ வழக்கமாகிவிட்டது. இளம்புழு பறவையின் எச்சம் போலவே தோன்றும், வளர்ந்தபின் இலைப்பச்சையாகிவிடும், தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கவையொன்றை நீட்டி ஒருவகை வாடை வீசும். நான்கு கிளையை அதற்கு விட்டுவிட்டால் கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சி வெளிவருவதை வீட்டுத் தாழ்வாரத்திலேயே காணலாம். இரசத்துக்குச் சில நாள் கறிவேப்பிலை குறையும்.

பாம்பைப் பற்றி விரிவாகச் சொல்வது கடமை. பார்சுவநாதர் திருவுருவத்தின் மேல் படம் விரித்துக் குடையாய் நிற்கும் நாகத்தை மேல்சித்தாமூரிலும் திருநறுங்கொண்டையிலும் கைகூப்பித் தொழுது திரும்பிய அன்று மாலையே, கிணற்றடியில் சாரை ஒன்றைக் கண்டு தடி எடுக்க ஆளனுப்பும் இல்லங்கள் உண்டு. நேரே அடிக்காமல் கூலிக்கு ஆள் வைத்து அடிப்பித்தால் விரதம் குலையாது என்று எண்ணுவோர், செய்வித்தலும் உடன்படலும் செய்தலை ஒக்கும் என்னும் நம் ஆகமக் கருத்தை மறந்தவர்கள்.

உயிருக்கு ஆபத்தான நஞ்சுடையவையாகத் தோட்டத்தில் அறிந்துகொள்ள வேண்டியவை முக்கியமாக நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். சாரைக்கு நஞ்சில்லை, ஆறடிக்கு மேலும் வளரும், உணவு எலி. சாரையும் நாகமும் இணைசேரும் என்பது பொய். இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து எழுந்து ஆடுவதைக் கண்டு இணைவிழைச்சு என்று எண்ணித் துணி போர்த்துவர். அவை பெரும்பாலும் எல்லைக்காகவும் பெண்ணுக்காகவும் வலிமை காட்டிப் போட்டியிடும் இரண்டு ஆண் சாரைகள். கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்த்தபின்பே இறங்கும் என்று பாட்டிமார் அஞ்சவைத்த கொம்பேறி மூக்கன் பல்லியும் தவளையும் தின்னும் நஞ்சற்ற மரப்பாம்பு. பாம்பு பாலும் அருந்தாது. பாம்புக்குக் "கட்செவி" என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. கண்ணே செவி என்பது பொருள். புறச்செவி இல்லை என்பது உண்மையே. ஆயினும் உட்செவி உண்டு. தரையதிர்வையும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் அது உணர்கிறது என்று அறிவியலார் இன்று கண்டுள்ளனர்.

பாம்பைக் கண்டால் பின்வாங்கி நின்று, பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருத்தலே முதற்செயல். பெரும்பாலும் வேலியைக் கடந்து போய்விடும். வீட்டுக்குள் புகுந்தால் 101 எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணியினரையோ, வனத்துறையினரையோ அழைக்கலாம். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிப்பது மிகுதி. கடித்த இடத்தில் வலியும் குறைவு. ஆகவே கட்டிலும் கொசுவலையும் நல்ல காவல். கடிபட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது ஒன்றும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மந்திரிப்போரிடம் நேரம் போக்காமல் அரசு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மேற்சொன்ன நான்கின் நஞ்சுக்கும் முறிமருந்து ஒன்றே. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானவர் நம் மாநிலத்து இருளர் மக்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட அவர்களது கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறது. இருளர் குலத்தவரான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தோல் வணிகத்துக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்த குடிகள் அதே கைத்திறத்தால் பாம்பையும் காத்து மனிதரையும் காக்கும் நிலைக்கு வந்தது நம் சமூகத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி.

இவ்வளவு சொன்னபின் பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பர். "ஆயா, தவளையைப் பாம்பு பிடித்திருக்கும்போது விடுவிக்க வேண்டாமா? பார்த்துக்கொண்டிருப்பது பாவமில்லையா?" என்பர். எளிய கேள்வியன்று. இரங்கி விடுவிப்பதே இல்லறத்தார் கருணை என்று சொல்லும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்களோடு வாதிட நான் முன்வரேன். என் கருத்து வேறு. தவளையை விடுவித்தால் பாம்பு மற்றொரு தவளையைப் பிடிக்கும், அல்லது பட்டினி கிடக்கும். புல்லுண்ண அதனால் இயலாது. விடுவிக்கும் முயற்சியில் இரண்டும் காயம் படுவதையும் கண்டிருக்கிறேன். அத்தோட்டத்தில் தவளையும் பாம்பும் நமக்கு முன்னரே இருந்தவை. நாம் வைக்கும் பொறியாலும் நஞ்சாலும் வலையாலும் அவற்றுக்கு இறப்பு வாராமல் காப்பதே நம் விரதத்தின் எல்லைக்குள் அடங்குவது. காண மனம் பொறாத குழந்தையை வற்புறுத்திக் காட்ட வேண்டியதில்லை. எழுந்து உள்ளே போகட்டும். சிலருடைய நெஞ்சம் அத்தகையது. அதுவும் நல்ல நெஞ்சமே.

நாம் விளைக்கும் இறப்புகளைப் பற்றிச் சொன்னேன். எலிக்கு வைக்கும் நஞ்சு எலியோடு நிற்பதில்லை. இன்று கடைகளில் விற்கும் எலிமருந்து வகைகளில் சில எலியின் உடலில் தங்கி, அதனைத் தின்னும் கூகை, ஆந்தை, கீரி, சாரை ஆகியவற்றின் உடலிலும் சேரும். எலியைக் குறைக்கும் உயிர்களை எலியின் பெயரால் கொன்றவராவோம். ஒட்டும் அட்டையோ அதனினும் கொடிது. பல்லி, மூஞ்சூறு, சிட்டு எது மிதித்தாலும் விடாது. இரவெல்லாம் துடித்து மடியும். இதனை வாங்குவோர் "நான் கொல்லவில்லை, அட்டையில் ஒட்டிக்கொண்டது" என்று சொல்வதைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். தானியத்தை மூடியுள்ள தகரப் பெட்டியிலோ பீப்பாயிலோ வைத்து, கதவின் அடியிடுக்கையும் நீர்க்குழாய்த் துளையையும் கம்பிவலையிட்டு அடைத்தால் எலி வேறிடம் தேடிக்கொள்ளும். சிறிது செலவாகும்.

கிணறும் தரைத்தொட்டியும் மற்றொரு பொறி. கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் இரவில் விழுந்து ஏற வழியின்றி மாண்டுபோகும் அணில், கீரி, பாம்பு, பூனைக்குட்டி பல. தொட்டிக்குள் சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தாலும், தென்னமட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கரையில் சார்த்தினாலும் போதும், ஏறிக்கொள்ளும். பழமரத்தின்மேல் போர்த்தும் நைலான் வலையில் வௌவாலும் கிளியும் சிக்கி இறக்கை முறியும். கைக்கெட்டும் பழங்களுக்குத் துணிப்பை கட்டிவிட்டு உச்சிப் பழங்களை விட்டுவிடுவது பழைய வழக்கம். அதனை மீண்டும் தொடங்கலாம்.

பழந்தின்னி வௌவாலை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலி, காக்கை இவற்றோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. இலுப்பை மலரில் மகரந்தச் சேர்க்கை நிகழ உதவுவதும், பல மரங்களின் விதையை நெடுந்தொலைவு கொண்டு சேர்ப்பதும் இவ்வினமே. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சி ஓடுமென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் சமணரல்லர். மகாவீரர் வீடுபேறெய்திய நாளாகத் தீபாவளியைக் கொண்டாடும் நம் இல்லங்களில், தோட்டத்து மரத்தில் கூடடைந்த உயிர்கள் அன்றிரவு என்னாகின்றன என்பதைக் குறிப்பேட்டில் ஓராண்டு எழுதிப் பார்க்கலாம். எழுதியபின் பட்டாசைப் பற்றிப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

மயில் இப்பொழுது நம் வட்டாரத்து ஊர்களில் கொல்லை வரை வந்துவிட்டது. 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. நெல்லையும் காய்கறி நாற்றையும் அழிக்கிறது என்னும் உழவர் குறை மெய்யானது, அதனைப் புறந்தள்ளலாகாது. நாற்றங்காலை மட்டும் கம்பிச் சட்டமிட்டு மூடுவது சிறு தோட்டத்துக்கு ஏற்ற வழி. நாம் தோகை என்பது உண்மையில் வாலன்று, வாலை மூடிய நீண்ட மேலிறகுகள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்மயில் அவற்றைத் தானே உதிர்த்துவிடும். அடுத்த காலத்துக்குள் மீண்டும் வளரும். துறவியர் கையிலுள்ள மயிற்பீலி எவ்வுயிரையும் வருத்தாமல் கிடைப்பது எவ்வாறு என்று ஐயுறும் பிள்ளைக்கு, தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் ஒரு பீலியைக் காட்டினால் விளங்கிவிடும். அவர்கள் மழைக்கால நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்குவதன் காரணமும் அவ்வாறே. முதல் மழைக்கு மறுநாள் தோட்டத்தில் ஒரு முழச் சதுரம் அளந்து, அதனுள் அசையும் உயிர்களை எண்ணச் சொல்லுங்கள்.

கோடையில் வைக்கும் நீர்ச்சட்டி அகன்று, இரண்டு விரலாழமே உள்ளதாக இருக்கட்டும். நடுவில் ஒரு கல் வைத்தால் தேனீயும் சிட்டும் அமர்ந்து பருகும். நாள்தோறும் கழுவி, வடித்த நீரை மாற்றுதல் வேண்டும்; தவறினால் கொசு பெருகும், பறவைகளுக்கு நோய் பரவும். சோறிடுவதைவிட நீர் வைப்பது மேல் என்பேன். சோற்றுக்குக் காக்கையும் புறாவுமே கூடும். நீருக்கு எல்லா உயிரும் வரும்.

அடுத்த மூன்று திங்களுக்குரிய பயிற்சியைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் சேர்ந்து ஒரு குறிப்பேடு தொடங்குக. வாரத்தில் மூன்று நாளேனும் எழுதுக. கண்ட உயிர்களை இறுதியில் ஓரறிவு முதல் ஐந்தறிவு வரை பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை சேர்ந்தன என்று பாருங்கள். உங்கள் ஊரில் வழங்கும் பெயரையே எழுதுங்கள், நூற்பெயர் வேண்டா. வந்தவாசிப் பக்கத்துப் பெயரும் திண்டிவனத்துப் பெயரும் தஞ்சைப் பக்கத்துப் பெயரும் ஒரே குருவிக்கு வேறாக இருக்கலாம். முதியோரைக் கேட்டு அவற்றையும் சேர்த்துக்கொள்க. மரநாய் கண்டவர்கள் அது கூரையில் எந்நேரத்தில் நடந்தது, எப்பழத்தை உண்டது என்று எழுதுக. அது நாயினமன்று, புனுகுப்பூனையின் இனம். கூகையின் குரலைக் கேட்டவர்கள் கேட்ட நேரத்தைக் குறிக்க. ஓணான் முட்டையிட்ட இடம் கண்டால் சுற்றி நான்கு குச்சி நட்டு, நாளை எழுதிவைத்து, ஆறாவது வாரத்திலிருந்து காலைதோறும் பாருங்கள்.